வேர் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளிச் செயல்பாட்டுக்காக மகள் பச்சைப்பயறு முளைக்க வைத்தாள். முளை விட்டு ஒரு வாரம் ஆன செடி ஒன்றை எடுக்கும்போது வேர் மொத்தமும் அறுந்துவிட்டது. தூக்கிப்போட மனசு வராமல் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நிறுத்தி வைத்தோம். ஆறேழு நாளில் தண்டின் அடியிலிருந்து புது வேர்கள் வந்துவிட்டன. இவை தண்டுக்குள் முன்பே ஒளிந்திருந்தனவா?

பதில்: இல்லை, பயறுச் செடியில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. வேர் அறுந்த பிறகுதான் அந்தத் தண்டு வேரைப் புதிதாகச் செய்யத் தொடங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான், ஏனென்றால் அந்த இடத்தில் இருந்த செல்கள் தண்டின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்கள், அவற்றுக்கு வேரோடு எந்தத் தொடர்பும் கிடையாது.

உள்ளே நடப்பது இதுதான். வெட்டுப்பட்ட சில நிமிடங்களிலேயே காயத்தைச் சுற்றி ஜாஸ்மோனிக் அமிலம் என்ற காய ஹார்மோன் ஏறத் தொடங்குகிறது. அது காயம்பட்ட செய்தியைச் சொல்கிறது, அவ்வளவுதான். முக்கியமான ஆள் ஆக்சின். தண்டின் நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகும் இந்த ஹார்மோன் எந்நேரமும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வேகத்தில். ஈர்ப்பு விசை இழுத்து இறங்குவதில்லை. ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கச் சவ்விலும் ஆக்சினை வெளியே தள்ளும் புரதங்கள் இருக்கின்றன, ஒரு செல் தள்ளியதை அடுத்த செல் வாங்கி மறுபடி கீழே தள்ளுகிறது. முழுச் செடியில் இந்த ஓட்டம் வேர் நுனி வரைக்கும் போகும். வேர் அறுந்தால் எங்கே போகும்? வெட்டுவாயில் வந்து தேங்கும். அப்படித் தேங்கிய இடத்தில், நீரும் உணவும் போகும் குழாய்த் திசுவை ஒட்டியிருக்கும் சில செல்கள் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு மறுபடி பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. முதலில் ஒரு சின்ன செல் கூட்டம், அப்புறம் அது கூம்பாகி, தனக்கென்று ஒரு நுனியும் அந்த நுனிக்கு ஒரு மூடியும் செய்துகொண்டு, உள்ளேயிருந்து தண்டின் சதையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. வேர் அல்லாத உறுப்பிலிருந்து வரும் இப்படிப்பட்ட வேர்களுக்குப் பாடப்புத்தகப் பெயர் வேற்றிட வேர்கள்.

அடுத்த முறை செய்யும்போது மூன்றாம் நாளிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி வைத்துத் தினமும் பாருங்கள். பச்சையும் ஊதாவும் கலந்த அந்தத் தண்டில் முதலில் தெரிவது லேசான மேடுகள்தான், தோல் உள்ளிருந்து உப்பின மாதிரி இருக்கும். அப்புறம் தோல் நீளவாக்கில் கீறிக்கொண்டு வெள்ளை நுனி எட்டிப் பார்க்கும். மேடுகள் தாறுமாறாக வராமல் வரிசை கட்டி வருவதையும் கவனியுங்கள். உள்ளே குழாய்த் திசு ஓடும் தடத்தை ஒட்டி அவை வருவதால்தான் அந்த வரிசை.

கூடவே இன்னொரு டம்ளரில், இலைகளையும் விதையிலைகளையும் கிள்ளிவிட்ட ஒரு தண்டை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதில் வேர் மிகக் குறைவாக வரும், வராமலும் போகலாம். ஆக்சின் அனுப்ப மேலே ஆள் இல்லை, வேர் கட்டச் சர்க்கரையும் இல்லை. உங்கள் மகள் இதுவரை செய்ததைவிட இந்த இரண்டாவது டம்ளர்தான் அவளுக்கு நிறைய சொல்லித்தரும்.

ஒளிந்திருந்தனவா என்று கேட்டீர்கள் அல்லவா, சில செடிகளில் அதுவும் உண்மை. கரும்பின் கணுவை உற்றுப் பாருங்கள், மொட்டைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக ஒரு பட்டை ஓடும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் வேராகக் காத்திருக்கும் முகிழ். கரணையை ஈரத்தில் வைத்ததும் அவை கிளம்பிவிடும்.

கேள்வி: விதையைத் தலைகீழாகப் போட்டாலும் வேர் கீழேதான் போகிறது. மண்ணுக்குள் இருட்டில் கீழ் எது என்று வேருக்கு எப்படித் தெரியும்?

பதில்: வேர் நுனியில் தொப்பி மாதிரி ஒரு மூடி இருக்கிறது. அதன் நடுவில் உள்ள செல்களுக்குள் கனமான மாவுச்சத்து மணிகள் கிடக்கும். வேர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மணிகள் அந்தச் செல்லின் கீழ்ப்பக்கத்துக்கு உருண்டு படியும், படிந்த பக்கமாக ஆக்சின் அதிகம் திருப்பிவிடப்படும். இங்கேதான் நிறைய பேர் குழம்புவார்கள். தண்டில் ஆக்சின் கூடினால் செல் நீளும். வேரில் அதே அளவு கூடினால் நீள்வது குறையும். படுக்கையாக இருக்கும் வேரின் அடிப்பக்கம் மெதுவாகவும் மேல்பக்கம் வேகமாகவும் நீண்டால் நுனி கீழே வளையத்தானே வேண்டும். தண்டில் இதே கணக்கு மாறி மேலே வளைக்கிறது. ஒரே ஹார்மோன், ஒரே பக்கம் தேங்குகிறது, ஆனால் இரண்டு உறுப்பும் அதை வேறு வேறாக எடுத்துக்கொள்கின்றன.

டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் 1880-இல் வெளியிட்ட நூலில், வேரின் நுனிதான் திசையை உணர்கிறது, வளைவது அதற்குச் சற்று மேலே என்று எழுதிவிட்டார்கள். அப்போது ஆக்சின் என்ற பெயர்கூட இல்லை. வீட்டில் பார்க்க வேண்டுமானால் ஈரக் காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு அவரை விதையை முளைக்க வையுங்கள். வேர் இரண்டு விரற்கடை வந்ததும் கண்ணாடியைக் கால் சுற்றுத் திருப்பி வையுங்கள். சில மணி நேரத்தில் நுனி வளைய ஆரம்பித்துவிடும், மறுநாள் காலையில் நல்ல முழங்கை மாதிரி ஒரு மடிப்பு இருக்கும்.

கேள்வி: நேராக இறங்கும் வேர் எந்த இடத்தில் கிளை விடுவது என்று எப்படி முடிவு செய்கிறது? தண்டில் கணு இருக்கிறது, வேரில் கணுவே இல்லையே?

பதில்: சரியான கவனிப்பு. தண்டின் கிளைக்கு இலைக்கணுவில் மொட்டு தயாராக இருக்கும், அதுவும் வெளிப்பக்கமாக. பக்கவேருக்கு அப்படி எந்த அடையாளமும் வெளியே கிடையாது, அது பிறப்பதே உள்ளே. வேரின் நடுக்குழாயைச் சுற்றிப் பெரிசைக்கிள் என்று ஒற்றை அடுக்குச் செல்கள் உண்டு. பக்கவேர் தொடங்குவது அங்கேதான், பெரும்பாலும் நீர்க்குழாயான சைலத்துக்கு நேர் எதிரே உள்ள செல்களில்.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னக் களைச்செடியில்தான் இதை மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் வேர் நுனிக்குச் சற்று மேலே ஆக்சினுக்குச் செல்கள் காட்டும் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. துடிப்பு உச்சத்தில் இருக்கும்போது அந்த வழியாகக் கடக்கும் செல்களுக்கு ஒரு முத்திரை விழுகிறது, பின்னால் பக்கவேர் வரக்கூடிய இடம் அதுதான். முத்திரை விழுந்த இடமெல்லாம் வேராகிவிடுவதில்லை. மண்ணின் ஈரம், நைட்ரேட் எல்லாம் அப்புறம் தங்கள் பங்கைச் சொல்லும். வேரின் ஒரு பக்கம் ஈரத்தைத் தொட்டுக்கொண்டும் மறுபக்கம் காற்றில் இருந்தும் வளர்ந்தால், பக்கவேர்கள் ஈரப் பக்கமாகவே வரும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். உள்ளேயிருந்து ஒரு வேர் முட்டிக்கொண்டு வரும்போது மேலே இருக்கும் அடுக்குகள் கிழிந்துபோகும் என்றுதான் ரொம்ப காலம் நினைத்தார்கள். பார்த்தால், மேலே உள்ள அகத்தோல் செல்கள் ஆக்சின் செய்தியைக் கேட்டுத் தங்கள் உடம்பைச் சுருக்கிக்கொண்டு வழி விடுகின்றன. அவை வழிவிடாதபடி மரபணுவில் மாற்றம் செய்தால் பக்கவேர் தொடங்கவே தொடங்குவதில்லை. ஆகப் பக்கவேர் என்பது பெரிசைக்கிள் மட்டும் எடுக்கும் முடிவு இல்லை, பக்கத்து வீட்டுச் சம்மதமும் வேண்டும்.

கேள்வி: ரோஜாக் குச்சிகளுக்கு வேர் ஹார்மோன் பொடி வாங்கினேன். சீக்கிரம் வரட்டும் என்று அடிப்பக்கம் முழுக்க அப்பி நட்டேன். பத்து குச்சியில் ஏழு கறுத்து அழுகிவிட்டன, மீதி மூன்றின் அடியில் வெள்ளையாக ஒரு கட்டி மட்டும் வந்து நிற்கிறது. பொடி போலியா?

பதில்: பொடியைக் குறை சொல்வதற்கு முன்னால் அளவைப் பார்ப்போம். அந்தப் பொடிகளில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம். செடியில் இயல்பாக அதிகம் இருக்கும் ஆக்சின் இண்டோல் அசிட்டிக் அமிலம், ஆனால் அது வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். பியூட்ரிக் வகை தாக்குப்பிடிக்கும், செடி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் வகையாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும். 1935-இல் சிம்மர்மன், வில்காக்ஸன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இது வேர் விட வைக்கும் என்று காட்டினார்கள். அன்றிலிருந்து இன்று வரை நாற்றங்கால்காரர்கள் கையில் இருப்பது இதுதான்.

ஆக்சினைப் பொறுத்தவரை கொஞ்சம் நல்லது என்றால் நிறைய இன்னும் நல்லது என்ற கணக்கு நடக்காது. 2,4-டி என்ற களைக்கொல்லி என்ன தெரியுமா? செயற்கை ஆக்சின்தான். அளவுக்கு மிஞ்சிய ஆக்சினைக் கொடுத்துத்தான் அது அகன்ற இலைக் களைகளைக் கொல்கிறது. நீங்கள் அப்பிய பொடியிலும் ஓரளவு அதே சிக்கல் இருந்திருக்கும். பொதுவாகப் பச்சையான இளந்தண்டுக்கு 0.1 சதவீதப் பொடி, பாதி முற்றியதற்கு 0.3, நன்றாக முற்றிய கட்டைக்கு 0.8 என்று விற்பார்கள். வெட்டுவாயை மட்டும் தொட்டு, குச்சியை ஒரு தட்டுத் தட்டி, ஒட்டியது போக மீதியை உதிர்த்துவிட வேண்டும். நடும்போது விரலால் முதலில் குழி போட்டுவிட்டு அதில் குச்சியை இறக்குங்கள், நேராகக் குத்தினால் பொடி மண்ணின் மேலேயே வழிந்து நின்றுவிடும்.

நேரமும் ஒரு விஷயம். முதல் சில நாட்கள், செல்கள் வேராக மாற முடிவெடுக்கும் கட்டம், அப்போது ஆக்சின் கூடுதலாக வேண்டும். முகிழ் உருவான பிறகு அதே கூடுதல் ஆக்சின் வேர் நீள்வதைத் தடுக்கும். அதனால்தான் வாரா வாரம் ஹார்மோன் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

அந்த வெள்ளைக் கட்டி காலஸ். காயத்தை மூட வரும் செல் கூட்டம் அது, வேர் கிடையாது. அதைப் பார்த்து வேர் வந்துவிட்டது என்று பெரிய தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள், அப்படியே இன்னும் சில வாரம் விடுங்கள்.

அழுகல் அனேகமாகத் தண்ணீரால் வந்தது. நானும் ஒரு முறை, வாடிவிடுமோ என்ற பயத்தில் காலை மாலை ஊற்றி ஒரு தட்டு நிறையக் குச்சிகளை இழந்திருக்கிறேன். பிடுங்கிப் பார்த்தால் அடிப்பகுதி வழவழவென்று, மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடையோடு இருந்தது. புது வேர் கட்டும் செல்களுக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும், ஊறிப்போன மண்ணில் அது கிடைக்காது. குச்சிக்கு ஈரம் வேண்டியது காற்றில், மண்ணில் லேசான ஈரம் போதும். மேலே ஒரு ஒளி ஊடுருவும் உறையைக் கவிழ்த்து, இரண்டு இலையை விட்டுவைத்து, நிழலான வெளிச்சத்தில் வையுங்கள்.

கடைசியாக, குச்சியை எங்கிருந்து எடுத்தீர்கள்? செடிக்கு வயதாக ஆக அதன் செல்கள் ஆக்சினுக்குக் காது கொடுப்பது குறைந்துகொண்டே போகிறது. நாற்றுப் பருவத்தில் சுலபமாக வேர்விடும் பல மரங்கள் காய்ப்புக்கு வந்த பிறகு எவ்வளவு பொடி போட்டாலும் மறுத்துவிடும். அந்த வருடம் வந்த இளங்கிளையில், பூக்காத தண்டாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: குச்சியைத் தலைகீழாக நட்டால் வேர் வராதா? மேல் கீழ் எது என்று மறந்துவிட்டேன்.

பதில்: தலைகீழாக நட்டாலும் தண்டுக்குத் தன் அடி எது என்று மறக்காது. ஹெர்மன் வோக்டிங் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1878-இல் வில்லோ மரத் துண்டுகளை ஈரக் காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தார். முன்பு அடியாக இருந்த முனை இப்போது மேலே இருந்தும், வேர் பெரும்பாலும் அங்கேதான் வந்தது. ஆக்சினைத் தள்ளும் புரதங்கள் செல்லின் எந்தப் பக்கம் இருந்தனவோ அந்தப் பக்கமே இருக்கின்றன, குச்சியைத் திருப்பியதும் அவை இடம் மாறிவிடுவதில்லை. ஆகவே தலைகீழாக நட்ட குச்சியில் ஆக்சின் மண்ணுக்கு வெளியே இருக்கும் காய்ந்த முனையில் போய்த் தேங்கும். சில முரட்டுச் செடிகள் அதையும் மீறி வேர் விடும், ஆனால் வலு இருக்காது. வெட்டும்போதே அடியைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டிக்கொள்ளுங்கள், மறக்க வழியில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். ஆக்சின் வேரை வளர்க்கிறது, சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன் தடுக்கிறது என்று எழுதினால் போதுமா?

பதில்: தேர்வுக்கு வேண்டுமானால் போதும், புரிந்துகொள்வதற்குப் போதாது. ஸ்கூக், மில்லர் இருவரும் 1957-இல் புகையிலைத் தண்டின் உள்சதையை வைத்துச் செய்த சோதனையைப் படியுங்கள். ஒரே திசு. ஊட்டத்தில் ஆக்சின் கூடி சைட்டோகைனின் குறைந்தால் வேர், சைட்டோகைனின் கூடினால் தளிர், இரண்டும் நடுத்தரமாக இருந்தால் உருவமில்லாத காலஸ். ஆக முடிவு செய்வது விகிதம்தான். முழுச் செடியில் சைட்டோகைனின் கணிசமான பங்கு வேர் நுனியில் உருவாகி மேலே போகிறது, ஆக்சின் மேலேயிருந்து கீழே வருகிறது. வேரை வெட்டும்போது ஆக்சின் தேங்குவதோடு சைட்டோகைனின் வரத்தும் குறைகிறது என்பதை முதல் கேள்வியோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள், வெட்டுவாயில் வேர் ஏன் வருகிறது என்பது இரண்டு பக்கத்திலிருந்தும் விளங்கும். ஜிப்பெரலின் என்ற ஹார்மோன் தண்டை நீட்டும், ஆனால் பல செடிகளில் வேற்றிட வேரைத் தடுக்கும். எத்திலீன் என்ற ஹார்மோன் செய்யும் வேலை செடிக்குச் செடி மாறும். வெள்ளத்தில் மூழ்கிய நெல்லில் கணுவிலிருந்து வேர் கிளம்ப அதுதான் தூண்டுதல்.

கேள்வி: தேன் தடவினால் வேர் வரும் என்கிறார்களே?

பதில்: தேனில் வேர் ஹார்மோன் கிடையாது. தேன் தடவி வந்த குச்சி, தடவாமலும் வந்திருக்கும். ஐந்து குச்சியைத் தடவியும் ஐந்தைத் தடவாமலும் ஒரே தட்டில் நட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: தக்காளி நாற்றைக் கழுத்து வரை புதைத்து நடச் சொல்கிறார்கள். எல்லா நாற்றுக்கும் இது பொருந்துமா?

பதில்: தக்காளிக்குப் பொருந்தும். அதன் தண்டு ஈரமும் இருட்டும் பட்டால் சுலபமாக வேர் விடும், நெடுநெடுவென்று வளர்ந்துவிட்ட நாற்றைக்கூட அடி இலைகளைக் கிள்ளிவிட்டுப் படுக்கையாகப் புதைத்து நுனியை மட்டும் வெளியே விடலாம். பப்பாளியிடம் இந்த வேலை வேண்டாம், கழுத்து மண்ணுக்குள் போனால் தண்டழுகல் வந்துவிடும். தெரியாத செடி என்றால் நாற்றுத் தட்டில் இருந்த அதே ஆழத்தில் நடுவதுதான் நல்லது.

கேள்வி: எங்கள் மண் கெட்டித் தரை. நாற்றின் வேர் கொஞ்ச தூரம் போய்க் குட்டையாகத் தடித்து நின்றுவிடுகிறது. மண்ணைத் துளைக்கும் பலம் வேருக்கு இல்லையா?

பதில்: நானும் பலம் போதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2021-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. எத்திலீன் ஒரு வாயு. வேர் எப்போதும் அதைக் கொஞ்சம் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், பொலபொலப்பான மண்ணில் அது காற்றிடைவெளி வழியாகக் கலைந்துபோய்விடும். கெட்டி மண்ணில் இடைவெளி இல்லை, எத்திலீன் வேரைச் சுற்றியே தங்கிவிடுகிறது. அந்த அடர்த்தியைப் பார்த்துத்தான் வேர், இனி நீளாதே, தடித்துக்கொள் என்று நின்றுவிடுகிறது. எத்திலீனை உணர முடியாதபடி மாற்றிய நெல் நாற்றுகளை அதே கெட்டி மண்ணில் விட்டபோது அவற்றின் வேர் துளைத்துக்கொண்டு இறங்கியது! அப்படியானால் பலம் இருக்கத்தான் செய்கிறது, வேரைத் தடுத்தது செய்தி.

உங்களுக்கு இதில் கைக்கு எட்டும் வேலை மண்ணுக்குள் காற்று போக வழி செய்வதுதான். மட்கிய இலைதழையைத் தொடர்ந்து சேருங்கள், ஈரமாக இருக்கும்போது பாத்திக்குள் மிதிக்காதீர்கள்.

கேள்வி: நாற்றைப் பிடுங்கி நடும்போது வேர் அறுவது தவிர்க்க முடியவில்லை. செடி எத்தனை நாளில் தேறும்?

பதில்: அறுந்த நீள வேரைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம், செடிக்கு முதல் அடி விழுவது வேர்த்தூவிகளில்தான். நுனிக்குக் கொஞ்சம் மேலே வெல்வெட் மாதிரி தெரியும் அந்த மெல்லிய இழைகள் மூலம்தான் நீர் பெருமளவு உள்ளே போகிறது, மண் உதிர்ந்த கையோடு அவையும் உதிர்ந்துவிடும். ஆணிவேர் நுனி போனால் மிச்சமிருக்கும் வேரில் பக்கவேர்கள் வேகம் பிடிக்கும், ஆக்சின் நுனிக்குப் போகாமல் இடையில் தங்குவதால். நெல் போன்ற புல்லினங்களுக்கு இன்னும் வசதி, அவற்றின் முதல் வேர் எப்படியும் தற்காலிகம், நிரந்தர வேர்கள் தண்டின் அடிக்கணுக்களிலிருந்து அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும்.

நாள் கணக்கு செடிக்குச் செடி மாறும், ஆனால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நட்ட மறுநாள் மதியம் இலை தொய்ந்து நிற்கும். மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. சில நாள் கழித்து மதிய வெயிலிலும் தொய்யாமல் நின்று, நடுவில் ஒரு புதுத் துளிர் விரிந்தால், கீழே புது வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை உரம் எதுவும் போடாதீர்கள், நிழல் மட்டும் கொடுங்கள்.